எஸ்தர் நின்ற தரை

புதிதாகப் பயிற்சியாளர் அட்டை வாங்கியிருக்கும் உங்களிடம் அரை மணி நேரம் பேச வேண்டும் என்றுதான் முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். நான் பேச ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவேன் என்று எனக்கே தெரியாது. அது தெரிந்த யாரோ ஒருவர் குறுக்கே புகுந்து, சார் எழுதியே கொடுத்துவிடட்டும் என்று சொல்லிவிட்டாராம். அவரைப் பார்த்தால் நன்றி சொல்லுங்கள்.

துப்பாக்கியை எப்படிப் பிடிப்பது, மூச்சை எங்கே நிறுத்துவது, விரலை எப்படி வைப்பது என்பதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அவை உங்கள் கையேட்டில் படத்தோடு இருக்கின்றன. என்னைவிடத் தெளிவாகவும் இருக்கின்றன. தாம்பரம் பக்கத்தில் ஒரு சிறிய ரைஃபிள் சங்கத்தில் இருபத்தாறு வருடம் ஏர் ரைஃபிள் சொல்லிக்கொடுத்தேன். அதில் நான் செய்த உருப்படியான காரியங்களை ஒரு போஸ்ட் கார்டில் எழுதிவிடலாம். ஆகவே ஒரு தப்பை மட்டும் எழுதுகிறேன். அது வீட்டுப் பயிற்சி சம்பந்தப்பட்டது.

வீட்டுப் பயிற்சி என்றால் ட்ரை ஃபயரிங். உங்களுக்குத் தெரியும், இந்தத் தாளைப் பக்கோடா வைக்க எடுத்துப் போகிற வீட்டாருக்காக ஒரு வரி. துப்பாக்கியில் பெல்லட் போடாமல், சுவரில் ஒட்டிய ஒரு கறுப்புப் புள்ளியைக் குறிபார்த்து, ட்ரிகரை அழுத்துவது. 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். வேறொன்றும் நடக்காது. ரேஞ்சில் ஆறு பேர் நிற்கத்தான் இடம். அறுபது பேர் சேர்ந்திருக்கிறார்கள். அதனால் ஒருவர் நேராக நிற்கக் கற்றுக்கொள்வது பெரும்பாலும் அவரவர் வீட்டு ஹாலில்தான். நான் மே மாதத்தில் தோலும் கித்தானும் தைத்த அந்த விறைப்பான ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு சேலையூர் வீட்டில் நிற்கும்போது என் மனைவி சொல்லுவாள்: "ஒண்ணுமே வெளியில வராத துப்பாக்கிய வெச்சிக்கிட்டு ஒரு மணி நேரமா சுவத்த மொறைச்சிட்டிருக்கீங்க. இதுக்கு யூனிஃபார்ம் வேற." அவள் சொல்வதில் தப்பே இல்லை.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் நான் ராட்சசன். பெல்லட் டப்பா வேறு அறையில் இருக்க வேண்டும், குழல் காலியாக இருப்பதைத் தானும் பார்த்து வீட்டில் இன்னொருவரும் பார்க்க வேண்டும், ஜன்னல் பக்கம் திரும்பவே கூடாது. அதிலெல்லாம் ஒரு குறையும் வந்ததில்லை. அந்தப் பெருமையில்தான் மற்றதைக் கோட்டை விட்டேன்.

எங்கள் சங்கத்தில் ஒரு படிவம் இருந்தது. வீட்டில் பயிற்சி செய்கிறவர் யாராக இருந்தாலும் அதை நிரப்ப வேண்டும். கீழே ஒரு வரி: 'வீட்டுப் பயிற்சி இடம் நேரில் பார்வையிடப்பட்டது, தகுதியானது.' அதற்கடியில் பயிற்சியாளர் கையெழுத்து. நான் நேரில் போவதை எப்போதோ நிறுத்திவிட்டேன். ஒருவர் முடிச்சூர், ஒருவர் படப்பை, இன்னொருவர் பொத்தேரி. சாயங்காலம் ஜிஎஸ்டி ரோட்டில் ஸ்கூட்டரை விட்டுப் பாருங்கள், உங்களுக்கே புரியும். அதனால் போனிலேயே மூன்று கேள்வி கேட்பேன். ஜன்னல் தெருவைப் பார்த்து இருக்கிறதா? பீரோவுக்குப் பூட்டு உண்டா? ஹாலில் பன்னிரண்டு அடி நீளம் கிடைக்குமா? மூன்றுக்கும் சரியான பதில் வந்தால் கையெழுத்து. இதை ஒரு பெரிய நிர்வாகத் திறமை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதோடு ஆளுக்கொரு நோட்டு. தினமும் எத்தனை ட்ரை ஃபயர், புள்ளி எங்கே நின்றது, உடம்பு எப்படி இருந்தது என்று எழுதி வாரம் ஒரு முறை என்னிடம் காட்ட வேண்டும். நான் சிவப்புப் பேனாவால் பக்கத்துக்கு ஒரு டிக் போட்டு, மனசு நன்றாக இருந்தால் 'நன்று' என்றும் எழுதுவேன். 'நன்று' வாங்கினவர்கள் வெளியே போய் மற்றவர்களிடம் காட்டிக்கொள்வார்கள். எனக்கு அது பிடிக்கும்.

எஸ்தர் வந்து சேர்ந்தபோது அவருக்கு முப்பத்து மூன்று வயது. ஒரு மருத்துவமனையில் லேப் டெக்னீசியன். ஊசி குத்தி ரத்தம் எடுத்து எடுத்துக் கை அப்படி அடங்கியிருந்தது. பொதுவாக என்னிடம் வருகிற பெரியவர்கள் முதல் மாதம் துப்பாக்கியோடு சண்டை போடுவார்கள். இவர் அதை ஒரு குழந்தையை வாங்குவதுபோல வாங்கித் தோளில் வைத்தார். ஷிஃப்ட் வேலை, வாரத்தில் ஒரு நாள்தான் ரேஞ்சுக்கு வர முடியும். சொந்தமாகத் துப்பாக்கி கிடையாது. இப்படிப்பட்டவர்களுக்காகவே சங்கம் நல்ல துப்பாக்கி ஒன்றை வீட்டுக்குக் கொடுத்தனுப்பும். ஒரே ஒரு துப்பாக்கி, ஒரு வருடம், ஒருவருக்கு. அந்த வருடத்து மாநிலப் போட்டியில் தகுதி மதிப்பெண் எடுத்துவிட்டால் இன்னொரு வருடம் அவரிடமே இருக்கும். எடுக்காவிட்டால் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். எஸ்தருக்கு அந்தத் துப்பாக்கி கையில் இருக்கும்வரைதான் இந்த விளையாட்டு. அது போனால் வாரத்துக்கு ஒரு நாளை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

என்னுடையதைக் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். என்னுடையது பழைய ஸ்பிரிங் ரகம். வீட்டில் நான் அதைத் தூக்கி நின்று குறிபார்ப்பதோடு சரி, பெல்லட் இல்லாமல் அழுத்தினால் உள்ளே கெட்டுவிடும். ஆளைப்போலத்தான் துப்பாக்கியும்.

எஸ்தரின் வீடு முடிச்சூரில். போனில் மூன்று கேள்விக்கும் சரியான பதில் சொன்னார். கையெழுத்துப் போட்டேன்.

முதல் நான்கு மாதம் எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டிலிருந்து அவர் அனுப்பிய வீடியோக்களைப் பார்த்து நான் மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தேன். கல்லில் செதுக்கின மாதிரி நிற்பார். ஐந்து மாதம் ஆனபோது ரேஞ்சில் மட்டும் ஏதோ ஒன்று சரியில்லாமல் போக ஆரம்பித்தது. முதல் இருபது ஷாட் நன்றாகப் போகும். பிறகு ஒவ்வொன்றாக இடது பக்கம் நகரும். நாற்பதாவது ஷாட்டில் இலக்குத் தாளைப் பார்த்தால் எல்லாம் இடது பக்கமாகக் கும்பல் கூடியிருக்கும்.

இங்கேதான் நான் என் திறமையைக் காட்டினேன். முதலில் விரலைக் குற்றம் சொன்னேன். ட்ரிகர் எடையை மாற்றினேன். பிறகு குறிபார்க்கும் சைட்டை மாற்றினேன். கன்னம் வைக்கும் பலகையைத் தூக்கினேன்; அடுத்த வாரம் இறக்கினேன். ஷூவின் அடிப்பகுதி தேய்ந்திருக்கிறது என்று புதிது போடச் சொன்னேன். காபியை நிறுத்தச் சொன்னேன். காலையில் இட்லி மூன்றுக்கு மேல் சாப்பிடக்கூடாது என்றேன். எதுவும் பலிக்காதபோது எல்லாப் பயிற்சியாளரும் கடைசியில் சொல்வதை நானும் சொன்னேன், எல்லாம் மனசுதான் என்று. பொத்தேரியில் ஒருவர் மூச்சுப் பயிற்சி சொல்லித்தருகிறார், போய்ப் பாரம்மா என்று அனுப்பிவைத்தேன். ஷிஃப்ட் முடித்துவிட்டுப் பாவம் அங்கேயும் போனார்.

எஸ்தர் எதற்கும் எதிர்த்துப் பேசவில்லை. ஒரே ஒரு முறை, வீட்டில் நேராகத்தான் நிற்கிறது, இங்கே வந்தால்தான் நான் பின்னால் போகிற மாதிரி இருக்கிறது என்றார். வீட்டில் யாரும் மதிப்பெண் போடுவதில்லை, அதனால்தான் நேராக இருப்பதாகத் தெரிகிறது என்று நான் ஒரு பதில் சொன்னேன். சொல்லிவிட்டு நன்றாகச் சொன்னோம் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

மாநிலப் போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது ரேஞ்சில் ஒரு ஒத்திகைப் போட்டி வைத்தோம். எஸ்தர் இடது பக்கமாகவே அடித்து, தகுதி மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. சங்கத்தின் செயலாளர் என்னைப் பார்த்த பார்வையில், இந்தத் துப்பாக்கியை இவருக்குக் கொடுக்கச் சொன்னது நீங்கள்தானே என்ற கேள்வி இருந்தது. எனக்குச் சுருக்கென்றது. பத்துப் பன்னிரண்டு பேர் நிற்கும் இடத்தில், துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்த எஸ்தரிடம் போய், "நீ வீட்ல ப்ராக்டிஸே பண்றதில்ல. வீடியோ எடுக்கறப்ப மட்டும்தான் தூக்கற. நோட்ல எழுதறதெல்லாம் பொய்" என்று கத்தினேன்.

எஸ்தர் நிமிர்ந்து பார்த்தார். பெட்டியின் இரண்டு கொக்கியையும் போட்டுவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார். பெட்டி அவரோடு போனது.

மறுநாள் செயலாளர் போன் செய்து, போட்டிக்கு அவர் ரேஞ்சு துப்பாக்கியிலேயே அடிக்கட்டும், வீட்டுத் துப்பாக்கியை இப்போதே வாங்கி அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம் என்றார். அவரைத் தூண்டிவிட்டதே என் கத்தல்தான். நானே போய் வாங்கி வருகிறேன் என்றேன். அப்படித்தான், கையெழுத்துப் போட்டு ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, அந்த வீட்டுக்கு முதன்முறையாகப் போனேன்.

வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்ற தெரு அது. அதற்குப் பிறகு அந்தத் தெருவில் பலரும் செய்ததைப்போல எஸ்தர் வீட்டிலும் ஜாக்கி வைத்து வீட்டை நான்கடி தூக்கியிருந்தார்கள். வாசலில் புதிதாக ஆறு படிக்கட்டு. ஏறி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். எஸ்தர் இருந்தார், அவர் மாமியார் இருந்தார். கணவர் அந்தோணி டைல்ஸ் ஒட்டும் மேஸ்திரி, அன்று வேலை இல்லாமல் வீட்டில் இருந்தார். டீ கொடுத்தார்கள். துப்பாக்கிப் பெட்டியைத் துடைத்து மேசை மேல் தயாராக வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்குச் சங்கடமாகிவிட்டது.

சங்கடமானால் நான் பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவேன். வாங்கிக்கொண்டு பேசாமல் வந்திருக்கலாம். அதற்குப் பதிலாக, நீ எங்கே நிற்கிறாய் என்று காட்டு, எப்படி நிற்க வேண்டும் என்று நான் காட்டுகிறேன் என்றேன். எஸ்தர் தரையில் சாக்பீஸால் போட்டிருந்த இரண்டு பாதக் கோட்டைக் காட்டினார். இடது பக்கச் சுவரில் கறுப்புப் புள்ளி. ரைஃபிள் சுடுகிறவர் இலக்குக்குப் பக்கவாட்டில்தான் நிற்பார்; ஆகவே நெஞ்சுக்கு நேரே டிவி. குழலைத் திறந்து பார்த்துவிட்டு, அந்தோணியையும் பார்க்கச் சொல்லிவிட்டு, துப்பாக்கியைத் தூக்கி அந்தக் கோட்டில் நின்றேன். குறிபார்த்து, கண்ணை மூடி, ஐந்து எண்ணிவிட்டுத் திறக்க வேண்டும். ஒழுங்காக நிற்கிறவனுக்குக் கண்ணைத் திறந்தாலும் புள்ளி அதே இடத்தில் இருக்கும். பயிற்சியின் முதல் நாளில் சொல்லிக்கொடுப்பது இது.

கண்ணைத் திறந்தேன். புள்ளிக்கு வலது பக்கம் மாட்டியிருந்த மளிகைக்கடை காலண்டரில் நின்றது என் குறி.

சரி, வயசு என்று மறுபடி நின்றேன். மறுபடியும் காலண்டர். பிரஷர் மாத்திரை என்று நினைத்துக்கொண்டு மூன்றாவது முறை நின்றேன். கால்விரல் பத்தும் தரையைப் பற்றிக்கொண்டன, கெண்டைக்கால் வலித்தது, இன்னும் கொஞ்சம் போனால் டிவி மேல் விழுந்திருப்பேன். எஸ்தரின் மாமியார் நிதானமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க சார். வூட்ட தூக்கனப்ப டிவி பக்கம் மூணு வெரல் எறங்கிடுச்சி. எங்களுக்குப் பழகிப்பூச்சி. புச்சா வர்றவங்களுக்குக் கொஞ்சம் தள்ளும்" என்றார்.

நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அந்த வீட்டைப் பார்த்தேன். ஃப்ரிட்ஜின் முன்கால்களுக்கு அடியில் டைல்ஸ் துண்டு. பீரோவுக்கு அடியில் மரச்சக்கை. சமையல்கட்டில் கேஸ் அடுப்புக்கு ஒரு பக்கம் மடித்து வைத்த அட்டை. இல்லாவிட்டால் தோசை ஒரு பக்கமாக ஓடிவிடுமாம். அந்தோணி அடுக்கிக்கொண்டே போனார். வீட்டில் எல்லாவற்றையும் மட்டம் பார்த்து நிறுத்தியிருந்தார்கள். சாய்வில் நின்றவர் எஸ்தர் ஒருவர்தான். தினமும் ஒன்றரை மணி நேரம், ஒரு வருடம். முன்பக்கம் இறங்கிய தரையில் விழாமல் இருக்க உடம்பைக் கொஞ்சம் பின்னால் பிடித்துவைக்கப் பழகியிருக்கிறார். ரேஞ்சின் சமதரையில் களைப்பு வந்ததும் அதே உடம்பு பின்னால் போகிறது, குறி இடது பக்கம் போகிறது. வீடியோவிலும் தெரிய வழியில்லை. செல்போனை வைத்த ஸ்டூலும் அதே தரையில்தான் நின்றிருக்கிறது.

இப்போது நான் சொல்லப் போவதைச் சொல்லாமல் விட்டால் இந்தத் தாளைப் பக்கோடாவுக்கே கொடுத்துவிடலாம். எனக்கு அப்போது தோன்றிய முதல் எண்ணம், இதை யாரிடமும் சொல்லாமல் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய்விட்டால் என்ன என்பதுதான். படிவத்தில் என் கையெழுத்து இருக்கிறது. நேரில் பார்வையிட்டேன் என்று இருக்கிறது. இந்தத் துப்பாக்கி வேறு வீட்டுக்குப் போய்விட்டால் இந்தத் தரையைப் பற்றி யாரும் பேசப் போவதில்லை. டீ ஆறும்வரை இதை யோசித்தேன். இரண்டாவதாகத் தோன்றியது இன்னும் கேவலம். "தரை இப்படி இருக்குன்னு என்கிட்ட ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன்.

எஸ்தர் எழுந்து போய் நோட்டை எடுத்துவந்தார். முதல் வாரத்துப் பக்கத்தைத் திருப்பி என் மடியில் வைத்தார். அவருடைய குண்டு குண்டான எழுத்தில் இருந்தது: 'சார், எங்கள் வீட்டுத் தரை டிவி பக்கம் சரிவாக இருக்கிறது. இதில் நின்று செய்யலாமா?' அதற்குக் கீழே சிவப்பு மையில் ஒரு பெரிய டிக். பக்கத்தில், 'நன்று.'

நான் நோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் அந்தோணிதான் வாய் திறந்தார். "நான் அப்பவே சொன்னேன் சார். ஒரு பலகைய அடிச்சி மட்டம் பண்ணித் தரேன், அரை மணி நேர வேல. இதுதான், வோணாம், சார் பாத்துட்டு நன்றுன்னு போட்டுகீறாரு, சாய்வுல நிக்கறதும் ஒரு ட்ரெய்னிங்கா இருக்கும், நீ நடுவுல பூராதன்னு சொல்லிச்சி."

என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என்னுடைய ஒரு டிக்குக்கு இந்தப் பெண் அவ்வளவு பெரிய அர்த்தம் கண்டுபிடித்து, அதை நம்பி ஒரு வருடம் நின்றிருக்கிறார். அவர் எழுதியதைத்தான் நான் பத்துப் பேர் முன்னால் பொய் என்று சொன்னேன்.

மன்னிப்புக் கேட்டேன். எஸ்தர் அதைக் காதில் வாங்கிக்கொண்டாரா என்று தெரியவில்லை. அவர் கண் மேசை மேலிருந்த பெட்டியில் இருந்தது. வாசலுக்கு வந்து படிக்கட்டில் நின்றுகொண்டே செயலாளருக்குப் போன் போட்டேன். துப்பாக்கி இங்கேதான் இருக்கும், தப்பு என்னுடையது, வீட்டைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன் என்றேன். மற்ற வீடுகளும் அப்படித்தானா என்று அவர் கேட்டார். "அதுவும்தான்" என்றேன். போட்டி வரைக்கும் இருக்கட்டும், அதற்குப் பிறகு விதிப்படிதான், இந்த வருடக் கணக்கில் உங்கள் தப்பைக் கழிக்க முடியாது என்று வைத்துவிட்டார். அவர் சொன்னது நியாயம்தான். இந்த மாதிரி விதியை நானே எத்தனையோ பேரிடம் நீட்டியிருக்கிறேன்.

உள்ளே திரும்பி வந்து, ஒன்பது நாளுக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு பெரிய திட்டத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதத்தை இப்படித் திருப்பலாம், எதிர்ப்பக்கம் பார்த்து நின்றால் பழைய சாய்வும் புதிய சாய்வும் கழிந்துவிடும், அப்படி இப்படி என்று. அந்தோணி அதற்குள் சமையல்கட்டுப் பக்கம் கிடந்த ப்ளைவுட் பலகையைத் தேடிப் போய்விட்டார். எஸ்தர் என்னைக் கையமர்த்தினார்.

"சார், ஒம்போது நாளைக்கு நீங்க எதுவுமே சொல்லாதீங்க. நான் சமமா நின்னு பாத்துக்கறேன். நீங்க பேசினா திரும்பக் குழம்பிடுவேன்."

ஒன்பது நாளும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இருபத்தாறு வருடத்தில் நான் கொடுத்த மிகச் சிறந்த பயிற்சி அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். சும்மா இருக்க முடியாமல், நான் கையெழுத்துப் போட்ட மற்ற பத்து வீட்டுக்கும் ஒவ்வொன்றாகப் போனேன். ஒருவர் பொத்தேரியில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். பன்னிரண்டு அடி என்று அவர் சொன்னது வராண்டாவையும் சேர்த்து. இன்னொருவர் கால் வலிக்கிறதென்று மெத்தையில் நின்று சுட்டுக்கொண்டிருந்தார். வாராவாரம் என்னிடம் 'நன்று' வாங்கியவர் ஒருவரின் வீட்டில், துப்பாக்கிப் பெட்டிக்கு மேல் ஊறுகாய் ஜாடிகள் அடுக்கியிருந்தன. அவற்றின் மேல் தூசி.

மாநிலப் போட்டி. பயிற்சியாளர்களான எங்களைப் பின்னால் நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள். வீரர்களிடம் பேசக்கூடாது, சைகை காட்டக்கூடாது. எஸ்தரின் முதல் இருபது ஷாட் நன்றாக இருந்தது. இருபத்தைந்தில் ஒன்று இடது பக்கம் போனது. அடுத்ததும் போனது. முப்பத்தெட்டு வரை ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே இருந்தது. ஒன்பது நாளில் பலகை சொன்னதைவிட ஒரு வருடம் தரை சொன்னதுதான் உடம்புக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. எஸ்தர் துப்பாக்கியை இறக்கி வைத்தார். திரும்பி என்னைப் பார்த்தார். முன்னால் சாய் என்று காட்ட என் உடம்பெல்லாம் துடித்தது. தலையைக் கொஞ்சம் அசைத்தால் போதும், யாருக்கும் தெரியாது. ஆனால் விதியை மீறினால் போவது அவருடைய மதிப்பெண். அது மட்டுமில்லை, நான் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நம்ப எனக்கே அப்போது தைரியம் இல்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன்.

நேரம் ஓடிக்கொண்டிருந்தது. எஸ்தர் திரும்பிக்கொண்டு, துப்பாக்கி இல்லாமல் வெறுமனே நின்றார். கண்ணை மூடினார், திறந்தார். பாதத்தை எடுத்து வேறு இடத்தில் வைத்தார். மறுபடி மூடினார், திறந்தார். ஏழெட்டு நிமிடம் போயிருக்கும். பிறகு துப்பாக்கியைத் தூக்கினார். கடைசி இருபத்திரண்டு ஷாட்டில் ஒன்றுகூட இடது பக்கம் போகவில்லை. அப்படி ஒரு இருபத்திரண்டை எங்கள் சங்கத்தில் யாரும் அடித்து நான் பார்த்ததில்லை.

கூட்டிப் பார்த்தால் ஒன்றரை மதிப்பெண் குறைந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. என் வயதில் பொது இடத்தில் அழுதால் மாரடைப்பு என்று நினைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிடுவார்கள் என்பதால் கழிவறைக்குப் போய் அழுதேன். வெளியே வந்தபோது எஸ்தர் ஜாக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தார். கடைசி இருபத்திரண்டைப் பார்த்தீர்களா சார் என்று கேட்டார். பார்த்தேன் என்றேன்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். வீட்டுக்குப் போங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, அவர் நிற்கிற இடத்தில் கண்ணை மூடி நின்று பாருங்கள். நோட்டில் டிக் போடுவதாக இருந்தால் படித்துவிட்டுப் போடுங்கள். படிக்க நேரமில்லையென்றால் போடாதீர்கள். உங்கள் சிவப்பு மை உங்களுக்கு வெறும் மைதான். வாங்கிக்கொண்டு போகிறவருக்கு அப்படி இல்லை.

வரிசையில் அடுத்து இருந்தவர் குமரேசன் என்று படப்பையில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை செய்பவர். துப்பாக்கியை வாங்கிப் போய் அவரிடம் கொடுக்க எஸ்தர் வீட்டுக்குப் போனேன். நானும் வருகிறேன் சார் என்று எஸ்தர் தன் ஸ்கூட்டியை எடுத்தார். துப்பாக்கிப் பெட்டி அவர் வண்டியில்தான் வந்தது. வழியில் ஒரு சிக்னலில் பக்கத்தில் வந்து நின்று, வரிசையில் மறுபடி பெயர் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அவருக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். அதுவரைக்கும் தூக்கி நின்று பழக, துப்பாக்கி எடைக்குச் சரியாக ஒரு இரும்புப் பைப்பை வெட்டித் தருவதாக அந்தோணி சொல்லியிருக்கிறாராம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

குமரேசன் வீட்டு ஹாலில் அவரும் மனைவியும் கல்யாண வீட்டில் போட்டோவுக்கு நிற்பதைப்போல விறைத்து நின்றார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் நின்று, கண்ணை மூடித் திறந்தேன். எஸ்தர் தன் சாப்பாட்டுப் பையிலிருந்து அந்தோணியின் ரசமட்டத்தை எடுத்தார். தரையில் மண்டியிட்டு, குமரேசன் நிற்கப்போகும் இடத்தில் நீளவாக்கில் ஒரு முறை, குறுக்கே ஒரு முறை, மறுபடி நீளவாக்கில் ஒரு முறை வைத்துப் பார்த்தார். மூன்று முறையும் குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை காத்திருந்தார். பிறகு எழுந்து, பெட்டியைக் குமரேசன் கையில் கொடுத்தார்.

"சமமாத்தான் கீது சார்" என்றார் என்னிடம். "போடுங்க கையெழுத்த."

படிவத்தைச் சுவரில் வைத்துப் போட்டேன். கோணலாகப் போயிற்று.